பாஸ்போர்ட்டுக்குப் பரஸ்தானம்

மகளின் ஆபரேஷன் தேதியை டாக்டர் ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார். டொராண்டோவில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு மரக்காணத்துப் பஞ்சாங்கம் எப்படித் தெரியும்? வியாழக்கிழமை காலையில் குழந்தையை எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. மகள் போனில் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"அப்பா, ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு அம்மாவைப் பார்க்கணும். எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துடுங்கப்பா."

கூட்டிக்கொண்டு வருவதுதான் என் வேலை. என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உப்பு மூட்டைகளுக்கு லாரி பிடித்து அனுப்புகிற வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் நான். இந்த முறை லோடு என் மனைவி, லாரி நான். அவ்வளவுதான்.

மருமகன் டிக்கெட்டை மாற்றி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்குச் சென்னையில் ஏறி, வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாறி, புதன் காலையில் டொராண்டோ. என் மனைவி அதைக் கேட்டதும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை. அஷ்டமி. அதுலயும் மூணுலருந்து நாலரை ராகு காலம். ஏங்க, ராகு காலத்துல யாராச்சும் பிளேனை எடுப்பானா?"

"பைலட்டைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கூட எடுத்துப் போகப்போகும் பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் வைப்பது என்று பெயர். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். போகிற அன்று அந்தப் பொருளை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அஷ்டமி ஏமாந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்னத் தோள்பையில் புடவை ஒன்றும் மஞ்சள் கிழங்கும் எடுத்துவைத்தாள். எதிர்வீட்டுப் பாயம்மாவிடம் கொடுத்துவைப்பதாக ஏற்பாடு. பாயம்மாவின் மகன்கள் எல்லாரும் துபாய்க்கும் சவுதிக்கும் பறந்து பறந்து பத்திரமாகத் திரும்பி வருகிறவர்கள். "பறக்குறதுக்கு ராசியான வீடுங்க" என்றாள் மனைவி.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"புடவையை வெச்சா புடவைதான் ஊருக்குப் போனதா ஆவும். பிளேன்ல போறதுக்கு எது முக்கியம்? பாஸ்போர்ட்டு. அதை வெச்சாத்தான் பரஸ்தானம் செல்லும்."

கேலிக்குச் சொன்னேன். சத்தியமாகக் கேலிக்கு. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கல்யாணமான நாளாக நான் சொன்ன ஒன்றை அவள் யோசித்துப் பார்த்ததே அபூர்வம். "நீங்க சொல்றதும் சரிதான்" என்று எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்து அந்தப் பையில் போட்டாள். 'நீங்க சொல்றதும் சரிதான்' என்று காதில் விழுந்த மயக்கத்தில் நான் தடுக்கவில்லை. மனிதனுக்குப் புகழ்ச்சி ஆகாது. எனக்குக் கொஞ்சம்கூட ஆகாது.

அடுத்த நாள் முழுக்க அவளுக்கு விமானப் பாடம் நடத்தினேன். என் தகுதி என்ன என்று கேட்கக்கூடாது. உப்பு வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு ஒரு தடவை பறந்திருக்கிறேன். திரும்பி வந்தது ரயிலில். அந்த அரைப் பயண அனுபவத்தை வைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டுவது எப்படி, காது அடைத்தால் வாயைத் திறப்பது எப்படி என்று அவளை ஒரு நாற்காலியில் உட்கார்த்திவைத்துக் காட்டினேன். அவள் வாயைத் திறந்தாள், கொட்டாவி விட்டாள்.

மகள் எங்கள் இருவருக்கும் வீல்சேர் பதிவு செய்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பலரும் அப்பா அம்மாவுக்குச் செய்கிற ஏற்பாடு அது. கால் நன்றாக இருந்தாலும், வழியும் பாஷையும் தெரியாதவர்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரியான வாசலில் விட்டுவிடுவார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உப்பளத்து வரப்புல ஓடுன காலும்மா இது. என்னைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளுறதா? கேன்சல் பண்ணு."

"அப்பா, அங்க ரொம்ப தூரம் நடக்கணும்பா."

"அம்மாவை நான் பார்த்துக்கறேன். நான் எதுக்கு இருக்கேன்?"

செவ்வாய்க்கிழமை காலை கார் வந்தது. பெட்டிகள் ஏறின. மனைவி எதிர்வீட்டுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தால் கிளம்ப வேண்டியதுதான். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் பை இல்லை.

"பூட்டு தொங்குதுங்க."

போன் அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. தெருமுனை டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "பாயம்மாவா? கோட்டக்குப்பத்துல தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயம்னு விடிஞ்சதும் ஆட்டோ புடிச்சுப் போயிட்டாங்களே. ஏன் சார், நீங்க நாளைக்கித்தானே கெளம்புறீங்க?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்பைப் பார்த்தாள்.

"கண்ணு பட்டுடுமேன்னு எல்லார்கிட்டயும் புதன்கிழமைன்னு சொல்லி வெச்சேன்" என்றாள் மெதுவாக.

"பாயம்மாகிட்டயுமா?"

"ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணுன்னா நான் மாத்திச் சொல்லிடுவேனே."

ஆக, ஊர்க் கண்ணிடமிருந்து எங்கள் பயணத்தை அவள் மறைத்துவிட்டாள். எங்களிடமிருந்து பாஸ்போர்ட்டை நான் மறைத்துவிட்டேன். பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "சார், ஏர்போர்ட்டு வடக்கால இருக்குது. கோட்டக்குப்பம் தெக்கால இருக்குது."

"தெரியும்பா. திருப்பு."

சென்னைக்குப் போக வேண்டிய கார் பாண்டிச்சேரிப் பக்கம் பறந்தது. சாலையோர உப்புக் குவியல்கள் எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தன. தினம் பார்க்கிற குவியல்தான், அன்றைக்கு மட்டும் எல்லாம் நக்கலாகத் தெரிந்தன. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி என்னவோ முணுமுணுத்தாள். வேண்டுதல் என்று நினைத்தேன். மகள் ஆஸ்பத்திரிக்குள் போக இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு சுற்றுலா பஸ் சாலைக்குக் குறுக்கே நின்று பின்னால் வரலாமா, முன்னால் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் வழிகாட்டினேன். நான் காட்டிய பிறகுதான் அது சுத்தமாக மாட்டிக்கொண்டது.

கோட்டக்குப்பத்தில் பந்தல் போட்ட வீடு. வாசலில் அத்தர் மணம், உள்ளே பாட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? பாயம்மா பட்டுப்புடவையில் வந்தார். தோளில் எங்கள் பை.

"யா அல்லா! என்னக்கா, இங்க வந்து நிக்கிறீங்க?"

"இன்னிக்கித்தான் பிளைட்டும்மா" என்றாள் என் மனைவி.

"நாளைக்கின்னுதானே சொன்னீங்க!" பாயம்மா பையைக் கழற்றினார். "பூட்டுன வூட்ல ரெண்டு பேரு பாஸ்போர்ட்டை வுட்டுட்டு வர மனசு வரல. காலையிலருந்து தோள்லயே மாட்டிக்கிட்டு திரியறேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணைப் பார்க்காம இந்தப் பையையே பார்க்கறாங்க. என்னமோ நகை வெச்சிருக்கேன்னு."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதற்குள் அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரியாணி தம்மு ஒடைக்கற நேரம். வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன். அண்ணே, அஞ்சே நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம் இல்லம்மா" என்றேன். "அஞ்சு செகண்டு கூட இல்ல." பை கைக்கு வந்தது, பிரியாணிப் பொட்டலமும் வந்தது, டிரைவரைத்தான் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, உனக்கு இவங்க யாரு?"

"வாங்கன்னு கூப்ட்டாங்க சார். வரமாட்டேன்னா மரியாதையா இருக்குமா?"

கிளியனூர் வழியாகத் திண்டிவனம் போய்ச் சென்னை சாலையைப் பிடித்தோம். ஒவ்வொரு டோல்கேட்டிலும் எங்களுக்கு முன்னால் நிற்கிற வண்டிக்கு மட்டும் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை. மனைவி பிரியாணியை உருட்டி என் வாயில் திணித்தாள். திட்டுவதற்கு வாய் காலியாக இருக்கக்கூடாது என்பது அவள் திட்டம். விமான நிலையத்தில் இறங்கி, வரப்பில் ஓடிய கால் என்று பெருமை பேசினேனே, அந்தக் கால் முட்டியில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தது. "மூடப்போற நேரத்துல வர்றீங்களே" என்று அந்தப் பெண் சீட்டைக் கொடுத்தாள்.

அடுத்து பாதுகாப்புச் சோதனை. மனைவியின் கைப்பையை ஓரம் தள்ளினார்கள். அதிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா வந்தது. பிரசவ லேகியம். பெட்டியில் போட்டால் உடையலாம், தொலையலாம், மகளுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்று கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"இது களி மாதிரி இருக்குதும்மா. இவ்ளோ எடுத்துட்டுப் போகக்கூடாது. அந்தத் தொட்டியில போட்டுடுங்க" என்றாள் சீருடை அணிந்த பெண்.

"தொட்டியில போடறதுக்கா ரெண்டு நாளு கிண்டினேன்?" என்றாள் என் மனைவி. அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பெரிய உருண்டை எடுத்து என் வாயில் போட்டாள். இன்னொன்றைத் தன் வாயில். மூன்றாவதை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "இடுப்பு வலிக்கு நல்லதும்மா. நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கியே."

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "டூட்டியில வாங்கக்கூடாதும்மா" என்றாள். முகம் மட்டும் இளகியிருந்தது. மிச்சம் தொட்டிக்குப் போனது. பிள்ளை பெறப்போகிறவளுக்குக் கிண்டிய மருந்தில் ஒரு பங்கு என் வயிற்றில். சுக்கும் மிளகும் நெஞ்சில் எரிய, நான் விமானம் ஏறும் வாசலை நோக்கி ஓடினேன்.

ஓடிப் போய் நின்றோம். விமானமும் நின்றது. ஏதோ சின்னக் கோளாறு, சரிசெய்கிறோம் என்றார்கள். மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. நாங்கள் குலை தெறிக்க ஓடிவந்ததற்கு மரியாதையாகவாவது அது கிளம்பியிருக்கலாம். வளைகுடாவில் விமானம் மாறுவதற்கு எங்களுக்கு இருந்த அவகாசம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நான் விசாரிக்கப் போவதும் வருவதுமாக இருந்தேன். போகும்போதெல்லாம் "ஷார்ட்லி சார்" என்றார்கள்.

ஆறு மணியை நெருங்கும்போது சக்கரம் தரையை விட்டது. என் மனைவி வெற்றிப் புன்னகையோடு என் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா? ராகு காலம் முடிஞ்ச பெறகுதான் எடுத்தான்."

"அடுத்த பிளைட்டு போயிடும்மா!"

அந்தப் புன்னகை அப்படியே நின்றது. சாப்பாடு வந்தபோது மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அந்த வளைகுடா ஊரின் விமான நிலையத்தில் இறங்கியதும் ஓடினோம். மரக்காணம் சந்தையைவிட நீளமான கடைவீதி ஒன்று நடுவில். வாசனைத் திரவியம், சாக்லெட், தங்கம். எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு ஒரு வீல்சேர் போயிற்று. அதில் கும்பகோணத்துச் சாயலில் ஒரு அம்மா, மடியில் கூடையோடு, சாமி ஊர்வலம் போகிற மாதிரி. என் மனைவி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாசல் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

உதவி கவுண்டரில் ஒரு மலையாளி இளைஞர் இருந்தார்; தமிழ் புரிந்தது, அது ஒன்றுதான் அன்றைய லாபம். மகளுக்கு வியாழக்கிழமை காலை ஆபரேஷன், அதற்கு முன்னால் தாய் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னேன். அவர் கணினியைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி தட்டினார்.

"அடுத்த பிளைட் கொஞ்ச நேரத்தில இருக்கு. ஆனா ஒரு சீட்டுதான். இன்னொருத்தர் நாளைக்குத்தான் போக முடியும்."

நாளைக்குக் கிளம்பினால் இறங்குவதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும். எனக்கு மனதுக்குள் ஒரு வசனம் தயாரானது. 'நீ போம்மா. என்னைப் பத்திக் கவலைப்படாதே. பயப்படாதே, தைரியமா இரு.' அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாமல் நான் எப்படி என்று கேட்பாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுப்பேன். தொண்டையைச் செருமினேன்.

"அப்ப நான் போறேன்" என்றாள் அவள், கவுண்டரைப் பார்த்து. "தம்பி, எனக்கு அந்தத் தள்ளுவண்டி கெடைக்குமா?"

கிடைத்தது. நிமிடத்தில் ஒரு நேபாளி இளைஞர் வண்டியோடு வந்தார். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ பரம்பரையாக அதில் போகிறவள் மாதிரி. அவளுடைய பாஸ்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எதையாச்சும் வாங்கித் தின்னுங்க" என்றாள். வரிசையில் நின்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு வண்டி போயிற்று. பெல்ட் மாட்டச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான், கம்பத்தோரம் நின்றேன்.

அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் எனக்கு நடந்ததை விவரித்தால் கோபம் வரும், எனக்குத்தான். ஓட்டல் தருகிறோம் என்றார்கள். அதற்கு விசா வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றார்கள். பஸ் போய்விட்டது என்றார்கள். ஒரு தோசை விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலிகளில் எப்படிப் படுத்தாலும் ஒரு கைப்பிடி விலாவில் குத்தியது. குத்தும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்தது. குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்டால் என்ன சொல்வாள்? எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும்; அவளுக்கு 'தேங்க்யூ' மட்டும்தான் வரும், அதையும் சந்தேகத்தோடுதான் சொல்வாள். நான் எதற்கு இருக்கிறேன் என்று மகளிடம் கேட்டேன் அல்லவா? பதில் தெரியாமல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏங்க, வந்து சேர்ந்துட்டேன்." பின்னால் பாத்திரச் சத்தம். அவள் அதற்குள் சமையலறையில் இருந்தாள்.

"கேள்வியெல்லாம் கேட்டாங்களா? என்ன சொன்னே?"

"இங்க வண்டி தள்ளுன தம்பி யாழ்ப்பாணமாம். 'அம்மா பயப்பிடாதீங்கோ, நான் கதைக்கிறன்'னு எல்லாத்தையும் அவரே பேசிட்டாரு. பொண்ணுக்குப் பிரசவம்னு சொன்னதும் ஆபீசரு சிரிச்சாரு. அவ்ளோதான். நீங்க ஒரு நாளு முழுக்க பாடம் எடுத்தீங்களே, அதுல எதையும் அவங்க கேக்கல."

மகள் போனை வாங்கினாள். குரலில் அன்றைய உறிஞ்சல் இல்லை. "அப்பா, அம்மா வந்துட்டாங்க. நீங்க மெதுவா வாங்க."

மெதுவாக. சரி கண்ணு என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் பார்க்காதபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

என் விமானத்தில் இரண்டு பருமனான ஆட்களுக்கு நடுவே இடம். போனை அணைக்கச் சொன்னார்கள். காசு கட்டினால் மேலேயும் போனில் செய்தி பார்க்கலாம் என்று முன்னால் இருந்த திரை சொன்னது; வங்கி அட்டை எண்ணை அடித்தேன், தவறு என்றது; மறுபடி அடித்தேன், பூட்டிக்கொண்டது. கைக்கடிகாரம் மரக்காணம் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கழித்துக் கழித்து, இப்போது உள்ளே கூட்டிப்போயிருப்பார்கள் என்று ஒரு முறை கணக்குப் போட்டேன். ஒரு தூக்கம் கழித்து அதே கணக்கைப் போட்டபோது, அங்கே இன்னும் விடியவே இல்லை என்று வந்தது. ஜோக்கடித்தே பொழுதை ஓட்டுகிறவன் நான். அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் வரவில்லை. வலது பக்கத்து ஆள் என் தோளில் தலையை வைத்துத் தூங்கினார். எழுப்ப மனசு வரவில்லை.

டொராண்டோவில் சக்கரம் தரையைத் தொட்டதும் போனை உயிர்ப்பித்தேன். பெட்டி வரும் பெல்ட் ஓரமாகப் போய் நின்றபோதுதான் செய்திகள் வந்து விழுந்தன. மனைவியின் குரல்.

"ஏங்க, பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உள்ள கூட்டிட்டுப் போற கதவு வரைக்கும் என் கையை வுடவே இல்லீங்க இவ. நர்சம்மா வந்து பிரிச்சு எடுத்தாங்க... மாப்பிள்ளை இங்கயே இருக்காரு. உங்களைக் கூட்டிட்டு வர ஆளில்ல. நீங்களே ஒரு டாக்சி புடிச்சு வந்துடுங்க, அட்ரசை மாப்பிள்ளை அனுப்புவாரு. குளிருது, மப்ளர் கட்டிக்கிட்டு எறங்குங்க."

பின்னால் ஒரு கீச்சுக் குரல் அழுதது. திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குள் எல்லாரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. என் பெட்டி வரவில்லை. மப்ளர் அதில்தான் இருந்தது.

சீருடைக்காரர் ஒருவர் வந்து புகார் கவுண்டர் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அங்கே நீளமான வரிசை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு வேட்டியும் சட்டையும் எந்த நாட்டில் சுற்றினாலும் சுற்றட்டும் என்று, கதவைத் தாண்டி வெளியே வந்தேன். குளிர் காதைக் கடித்தது. டாக்சிக்கு நின்றவர்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றேன்.